பல்லை நம்பி வைத்த பெயர்: ஸ்குவாலோடான் என்ற பழங்கால டால்பினை வகைப்படுத்துவது எப்படி?

பிரான்சின் போர்தோ நகரத்து மருத்துவர் கிராத்தலூப், பக்கத்து ஊரான லெயோன்யானில் கிடைத்த ஒரு தாடைத் துண்டை 1840-இல் விவரித்து எழுதினார். தாடையில் பெரிய முக்கோணப் பற்கள் இருந்தன. அவற்றின் ஓரங்களில் அரம்பம் மாதிரி வரிசையாக வெட்டுகள். பார்த்தால் சுறாப் பல் போலவே இருந்ததால் அந்த விலங்குக்கு 'ஸ்குவாலோடான்' என்று பெயரிட்டார். ஆனால் சுறா என்று அவர் சொல்லவில்லை. இது ஒரு ராட்சத ஊர்வன, இகுவானோடான் என்ற டைனோசருக்கு நெருங்கிய சொந்தம் என்பது அவர் முடிவு.

அது ஊர்வன இல்லை, பாலூட்டி. சரியாகச் சொன்னால் பல்லுள்ள திமிங்கலக் கூட்டத்தைச் சேர்ந்தது. இன்றைய டால்பின்கள், கடற்பன்றிகள், ஸ்பெர்ம் திமிங்கலம் எல்லாம் அடங்கும் அதே கூட்டம். 'சுறாப்பல் டால்பின்' என்று இதைப் பொதுவாக அழைப்பார்கள். அதனால் இந்தக் கட்டுரையிலும் டால்பின் என்றே சொல்கிறேன். கண்டிப்பான ஆய்வாளர்கள் முகம் சுளிக்கலாம், ஏனென்றால் இன்றைய கடல் டால்பின்களின் குடும்பம் வேறு, இதன் குடும்பம் வேறு.

கிராத்தலூப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்தது ஒரு துண்டுத் தாடை. இதே தவறைச் செய்தவர்கள் வேறும் உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹார்லன் 1834-இல் ஒரு பிரம்மாண்டமான கடல் விலங்கின் எலும்புகளைப் பார்த்து, ஊர்வன என்று எண்ணி 'பேசிலோசாரஸ்' என்று பெயர் வைத்தார். அதுவும் பழங்காலத் திமிங்கலம்தான். லண்டனில் ரிச்சர்ட் ஓவன் 1839-இல் அந்தப் பற்களை ஆராய்ந்தபோது உண்மை வெளிவந்தது. கடைவாய்ப் பற்களுக்கு இரண்டிரண்டு வேர்கள் இருந்தன. ஊர்வனவற்றின் பற்களில் அப்படிப் பார்க்க முடியாது. அது பாலூட்டிகளின் அடையாளம். ஸ்குவாலோடானின் பின்பற்களுக்கும் இரண்டு வேர்கள் உண்டு.

தவறு தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி, முறையாக முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை. பெயரின் பொருள் பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பெயர் என்பது ஓர் அடையாளச் சீட்டு, அவ்வளவுதான். அந்தச் சீட்டை எந்த எலும்புகளுக்கெல்லாம் ஒட்டலாம் என்பதுதான் வகைப்பாட்டின் கேள்வி. ஸ்குவாலோடான் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டாகச் சண்டை நடக்கிறது.

பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்து ஒரு பேரினம். நெருங்கிய பேரினங்களைச் சேர்த்து ஒரு குடும்பம். கங்கை டால்பினின் அறிவியல் பெயர் பிளாட்டானிஸ்டா கேன்ஜெட்டிகா. இதில் முதல் சொல் பேரினம், இரண்டும் சேர்ந்தால் சிற்றினம். பிளாட்டானிஸ்டிடே என்பது குடும்பம். அதே வழியில் ஸ்குவாலோடான் ஒரு பேரினம். அதை மையமாக வைத்து யோஹான் பிரெடரிக் பிராண்ட் 1873-இல் ஸ்குவாலோடான்டிடே என்ற குடும்பத்தை உருவாக்கினார்.

'நெருங்கிய' என்று எதை வைத்துச் சொல்வது? உயிரோடு இருக்கும் விலங்கென்றால் டிஎன்ஏ உதவும். ஸ்குவாலோடான் வாழ்ந்தது மயோசின் காலத்தில், அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலகட்டத்தில். இதுவரை மீட்கப்பட்டதிலேயே மிகப் பழைய டிஎன்ஏ கிரீன்லாந்து மண்ணில் கிடைத்தது. அதன் வயதே சுமார் 20 லட்சம் ஆண்டுகள்தான். ஆகவே இங்கே டிஎன்ஏ என்ற பேச்சுக்கே இடமில்லை. எலும்பும் பல்லும் மட்டும்தான் சாட்சி.

அதிலும் பல்லுக்கு ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. பல்லின் எனாமல் உடலிலேயே கடினமான பொருள். எலும்பெல்லாம் நொறுங்கிப் போன இடத்தில்கூடப் பல் மிஞ்சும். கடற்கரைப் பாறைகளில், சுண்ணாம்புக் குவாரிகளில் தனிப் பற்களாகக் கிடைக்கும். ஸ்குவாலோடான் பல்லோ ஒருமுறை பார்த்தால் மறக்காது. இன்றைய டால்பினின் வாயைப் பார்த்தால் முன்னும் பின்னும் எல்லாப் பல்லும் ஒரே மாதிரிக் கூம்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே வேர். சில டால்பின்களுக்கு 200-க்கும் மேல் இருக்கும். மீனைக் கவ்வி அப்படியே விழுங்க அது போதும். ஸ்குவாலோடானுக்கு முன்பற்கள் கூம்பாகவும், பின்பற்கள் அகன்று முக்கோணமாகவும், ஓரம் வெட்டு வெட்டாகவும் இருந்தன. கவ்வ ஒன்று, அறுக்க ஒன்று.

இந்தப் பற்கள் கிராத்தலூப்புக்கு வெகு முன்பே மனிதர் கண்ணில் பட்டவை. சிசிலித் தீவின் ஓவியர் அகொஸ்தினோ ஷில்லா, பாறைக்குள் இருக்கும் சிப்பிகளும் பற்களும் பாறையில் தானாக விளைந்தவை இல்லை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றின் மிச்சம் என்று 1670-இல் வாதிட்டார். அதற்கு ஆதாரமாக அவர் வரைந்த படங்களில் மால்டாவில் கிடைத்த இப்படியொரு தாடைத் துண்டும் உண்டு. அவருடைய சேகரிப்பு பிறகு கேம்பிரிட்ஜுக்குப் போய், இன்று செட்ஜ்விக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. முக்கோணமாக, ஓரம் வெட்டுப்பட்ட, திமிங்கலத்துடையது போன்ற பல் எங்கே கிடைத்தாலும் அதன் மேல் ஸ்குவாலோடான் என்று எழுதினார்கள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப், ஆஸ்திரியாவின் லின்ஸ், அமெரிக்காவின் தென் கரோலினா என்று பட்டியல் நீண்டது. சில சிற்றினங்களுக்கு ஒரே ஒரு பல்தான் ஆதாரம். இப்படிக் கண்டதையெல்லாம் போட்டு வைக்கும் பெயரைத் தொல்லுயிரியலில் குப்பைக்கூடைப் பேரினம் என்றே சொல்வார்கள். ஏளனத்துக்காகச் சொல்வதில்லை; அது வழக்கில் உள்ள கலைச்சொல்.

ஒரே மாதிரிப் பல் இருந்தால் ஒரே பேரினம் என்று சொல்வதில் என்ன தப்பு என்று கேட்கலாம். இந்தக் கேள்விதான் முக்கியம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு பெரிய குடும்பத்துக் கல்யாணத்தில் நூறு பேர் கூடியிருக்கிறார்கள். அவர்களில் யார் யார் உடன்பிறந்தவர்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். 'எல்லோருக்கும் கறுப்பு முடி' என்பது உதவுமா? உதவாது. முப்பாட்டனுக்கும் கறுப்பு முடிதான், எல்லோருக்கும் அங்கிருந்து வந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் நான்கு பேருக்கு மட்டும் கன்னத்தில் குழி விழுகிறது, வேறு யாருக்கும் இல்லை, முன்னோருக்கும் இல்லை என்றால் அது துப்பு. ஒற்றுமை இருக்கிறதா என்பதோடு வேலை முடியவில்லை. அந்த ஒற்றுமை எப்போது தோன்றியது என்றும் கேட்க வேண்டும்.

ஸ்குவாலோடானின் முக்கோணப் பல் அந்தக் கறுப்பு முடிதான். அதற்கு முந்திய காலத்துப் பேசிலோசாரஸுக்கும் அப்படிப்பட்ட பின்பற்கள் உண்டு. இன்று பல்லே இல்லாமல் சல்லடை போன்ற தகடுகளால் இரையை வடிகட்டும் நீலத் திமிங்கலத்தின் ஆதி முன்னோர்களுக்கும் உண்டு. பழைய திமிங்கலங்கள் அனைத்துக்கும் பொதுவான பரம்பரைச் சொத்து அது. சில வம்சங்கள் அதைச் சீக்கிரம் இழந்தன, சில வெகுகாலம் வைத்திருந்தன. வைத்திருந்தவற்றையெல்லாம் ஒரே கூடையில் போட்டால், இன்னும் இழக்காதவர்களின் பட்டியல் கிடைக்குமே தவிர சொந்தக்காரர்களின் பட்டியல் கிடைக்காது.

இப்போதுள்ள ஆய்வாளர்கள் ஒரு குழுவை ஏற்றுக்கொள்ள ஒரு நிபந்தனை வைக்கிறார்கள். அந்தக் குழு ஒரு பொது மூதாதையும் அதன் வழிவந்தவர்கள் அத்தனை பேரும் அடங்கியதாக இருக்க வேண்டும். அதைக் காட்ட, அந்த மூதாதையிடம் புதிதாகத் தோன்றி வழித்தோன்றல்களுக்கு வந்த பண்புகள் தேவை. நூற்றுக்கணக்கான பண்புகளை அட்டவணையாக்கி, மிகக் குறைந்த மாற்றங்களோடு எல்லாவற்றையும் விளக்கும் கிளைமரம் எது என்று கணினியில் தேடுவார்கள். எந்த எலும்புகளைப் பார்க்கிறார்கள் என்பதற்குப் பின்னால் வருகிறேன். முதலில், அப்படித் தேடியதில் கூடையிலிருந்து யார் யார் வெளியே போனார்கள் என்று பார்ப்போம்.

தென் கரோலினா விலங்கின் கதை எனக்குப் பிடித்தது. சார்ல்ஸ்டன் பக்கம் கிடைத்த ஒரு மண்டை ஓட்டுத் துண்டை வைத்து ஜோயல் ஆலன் 1887-இல் ஸ்குவாலோடான் டீடமானி என்று பெயரிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயரோடு அது சும்மா இருந்தது. 1990-களில் அதே பகுதியில் கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடு ஒன்று தோண்டி எடுக்கப்பட்டு, சார்ல்ஸ்டன் கல்லூரியின் மேஸ் பிரவுன் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. ராபர்ட் போசனெக்கரும் கூட்டாளிகளும் அதை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 4.8 மீட்டர் நீளமுள்ள அந்த விலங்கு ஸ்குவாலோடானே இல்லை. அது மயோசினுக்கு முந்திய ஒலிகோசின் காலத்தது. பல்லுள்ள திமிங்கலங்களின் மரத்தில் மிகவும் அடிப்பகுதியில் பிரிந்த கிளை. இன்று உயிரோடிருக்கும் பல்லுள்ள திமிங்கலங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை தோன்றுவதற்கு முன்பே அந்தக் கிளை பிரிந்துவிட்டது. அதற்கு அங்கைலோரைசா என்று புதிய பேரினப் பெயர் கிடைத்தது.

பெயர் மாற்றத்தைவிடப் பெரிய செய்தி ஒன்றும் அதில் இருந்தது. வாலின் அடிப்பகுதி ஒடுங்குவது, முன்துடுப்பின் மேற்கை எலும்பு குட்டையாவது போன்ற நீச்சலுக்கான சில அம்சங்கள் பல்லுள்ள திமிங்கலங்களுக்கும், சல்லடைத் தகடுகள் உள்ள பலீன் திமிங்கலங்களுக்கும் பொதுவானவை. இரண்டும் பிரிவதற்கு முன்பே அவை வந்திருக்க வேண்டும் என்றுதான் எண்ணியிருந்தார்கள். அங்கைலோரைசாவின் உடலில் அவற்றில் பல பாதி வழியில்தான் இருந்தன. அப்படியானால் இரு கூட்டங்களும் தனித்தனியாகவே அவற்றை அடைந்திருக்கின்றன. வகைப்பாட்டில் இது இரண்டாவது கண்ணி. முன்னோரிடமிருந்து வந்த ஒற்றுமை மட்டுமல்ல, ஒரே வேலையைச் செய்வதால் வந்த ஒற்றுமையும் ஏமாற்றும்.

லின்ஸ் நகரத்து மணலில் கிடைத்ததற்கு பெல்ஜிய ஆய்வாளர் வான் பெனடன் 1865-இல் ஸ்குவாலோடான் என்றே பெயர் வைத்திருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒதேனியோ ஆபெல் அதைப் பிரித்து பேட்ரியோசீட்டஸ் ஆக்கினார். பிரித்தது சரி. ஆனால் அதைப் பலீன் திமிங்கலங்களின் முன்னோர் என்று அவர் சொன்னது நிலைக்கவில்லை. இன்று அது பல்லுள்ள திமிங்கலங்களின் பழைய கிளைகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

தெற்கு அரைக்கோளத்தில் புரோஸ்குவாலோடான் என்ற இன்னொரு பேரினம் இருக்கிறது. ஆங்கில ஆய்வாளர் லிடெக்கர் தென் அமெரிக்காவின் படகோனியாவில் கிடைத்ததை வைத்து உருவாக்கியது. டாஸ்மேனியாவில் கிடைத்த ஒரு மண்டை ஓட்டைத் தியோடர் பிளின் 1923-இல் அதே பேரினத்தில் சேர்த்தார். (ஹாலிவுட் நடிகர் எரால் பிளின்னின் அப்பா இவர்.) பிறகு இந்தப் பெயரும் ஒரு சின்னக் குப்பைக்கூடை ஆயிற்று. நியூசிலாந்தின் ஒரு டால்பின் 1964-இல் புரோஸ்குவாலோடான் மார்ப்லெசி என்று பெயர் பெற்றது. அப்புறம் நோட்டோசீட்டஸ் பேரினத்துக்குப் போனது. 2014-இல் தனாகாவும் யூவன் போர்டைசும் அதை ஒட்டெகைகியா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். எலும்பு அதேதான், வீடு மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது.

இந்த இடமாற்றங்களைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. அறிவியல் பெயருக்குப் பின்னால் பெயரிட்டவரும் ஆண்டும் வரும். அவை அடைப்புக்குறிக்குள் இருந்தால், முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்டது என்று பொருள். 'அங்கைலோரைசா டீடமானி (ஆலன், 1887)' என்று எழுதுவது அதனால்தான். ஆலன் வைத்த பேரினம் போய்விட்டது, அவர் கொடுத்த இரண்டாம் சொல்லும் ஆண்டும் கூடவே வருகின்றன. பேரினப் பெயரையே மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தால் வேறு பொருள்: இது இந்தப் பேரினம் இல்லை என்று தெரிகிறது, எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. பழைய ஸ்குவாலோடான் சிற்றினங்களில் பல இப்படி மேற்கோள் குறிக்குள் காத்திருக்கின்றன.

சரி, கூடையில் யார் மிஞ்சினார்கள்? பிரான்சின் துரோம் பகுதியில் கிடைத்த பாரியென்சிஸ், இத்தாலியின் பெல்லூனோவில் கிடைத்த பெல்லுனென்சிஸ், அமெரிக்காவின் மேரிலாந்தில் ரெமிங்டன் கெல்லாக் 1923-இல் பெயரிட்ட கால்வெர்டென்சிஸ், வர்ஜீனியாவில் ஆல்டன் டூலி 2005-இல் விவரித்த விட்மோரி ஆகிய சிற்றினங்கள் முக்கியமானவை. இவற்றில் மண்டை ஓடும் கிடைத்திருப்பதால் பல்லைத் தாண்டிப் பேச முடிகிறது. மூக்குத்துளை தலையின் உச்சிக்கு ஏறியிருக்கிறது. மேல்தாடை எலும்பு பின்னால் நீண்டு நெற்றி எலும்பின் மேல் படர்ந்திருக்கிறது. இன்றைய டால்பின்களில் ஒலி எழுப்ப உதவும் தசைகள் பற்றியிருப்பது அந்த இடத்தில்தான். ஆகவே ஸ்குவாலோடானும் ஒலி அனுப்பி, எதிரொலியைக் கேட்டு இரை தேடியிருக்க வேண்டும். வாய் பழசு, தலை புதுசு.

ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. ஒரு பேரினத்தின் பெயர் அதன் வகைமாதிரிச் சிற்றினத்தோடு கட்டப்பட்டது. மற்றவை எல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே வர முடியும். ஸ்குவாலோடானுக்கு அந்த ஆதாரம் லெயோன்யானின் தாடைத் துண்டு. அதில் மண்டையின் உச்சி கிடையாது, செவி எலும்பு கிடையாது. மண்டை ஓடு உள்ள சிற்றினங்களை அதோடு ஒப்பிட மறுபடியும் பல்லுக்கே போக வேண்டியிருக்கிறது. நம்பக் கூடாது என்று சொன்ன அதே பல்!

குடும்பத்தின் இடத்தைப் பற்றிய விவாதம் இன்னும் சுவையானது, நமக்குக் கொஞ்சம் பக்கத்திலும் வருகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் கிறிஸ்தியான் து மியூசோன் 1980-களிலும் 90-களிலும் பல்லை ஒதுக்கிவிட்டுத் தோள்பட்டை எலும்பையும் செவி எலும்பையும் பார்த்தார். பெரும்பாலான டால்பின்களின் தோள்பட்டை எலும்பில் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முளைகள் உண்டு. அவற்றில் ஒன்று கங்கை டால்பினுக்கு இல்லவே இல்லை. மற்றொன்று எலும்பின் முன் விளிம்புக்கே நகர்ந்துவிட்டது. பேசிலோசாரஸிடமோ மற்ற பழைய திமிங்கலங்களிடமோ காணாத அமைப்பு இது. அதாவது கன்னக்குழி வகைத் துப்பு. இதே தோள்பட்டையை ஸ்குவாலோடான் குடும்பத்திலும் கண்ட மியூசோன், ஸ்குவாலோடான்டிடே, கங்கை டால்பினின் பிளாட்டானிஸ்டிடே, இவற்றோடு வேறு சில அழிந்த குடும்பங்கள் எல்லாவற்றையும் பிளாட்டானிஸ்டாய்டியா என்ற ஒரே பெருங்குடும்பத்தில் கொண்டுவந்தார்.

கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆகிய ஆற்றுப் படுகைகளில் வாழும் இந்த டால்பினின் கண்ணில் லென்ஸ் கிடையாது. கலங்கிய நீரில் ஒலியை நம்பியே வாழ்கிறது. இந்திய அரசு 2009-இல் இதைத் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. சிந்து நதியில் உள்ளதைத் தனிச் சிற்றினமாகப் பிரித்தது 2021-இல்தான். முன்பெல்லாம் இதையும் அமேசான் ஆற்று டால்பினையும் நீண்ட மூக்கு, சின்னக் கண், ஆற்று வாழ்க்கை என்று சேர்த்து ஒரே கூட்டத்தில் வைத்திருந்தார்கள். 2000-ஐ ஒட்டி வந்த மரபணு ஆய்வுகள் அதை உடைத்தன. அமேசான் டால்பின் கடல் டால்பின்களுக்குத்தான் நெருக்கம். கங்கை டால்பின் அவற்றிலிருந்து வெகுகாலம் முன்பே பிரிந்த தனி வம்சம். அதே இரண்டாவது கண்ணி இங்கும் வேலை செய்திருக்கிறது.

அந்த வம்சம் ஒரு காலத்தில் கடல்களில் நிறைந்திருந்தது. அலாஸ்காவில் 1951-இல் கிடைத்து, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் இருந்த ஒரு மண்டை ஓட்டுக்கு 2016-இல் ஆர்க்டோகாரா என்று பெயரிட்டார்கள். அதுவும் கங்கை டால்பினின் பழைய சொந்தம். சுமார் 2.5 கோடி ஆண்டு வயது.

ஸ்குவாலோடானும் இந்த வம்சமா? இங்கே ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சில கிளைமரங்கள் மியூசோன் சொன்னபடியே ஸ்குவாலோடான்டிடேவை உள்ளே வைக்கின்றன. சில அதை வெளியே, இன்றைய பல்லுள்ள திமிங்கலங்கள் எல்லாவற்றுக்கும் முந்திய கிளையாகக் காட்டுகின்றன. கங்கை டால்பினின் செவி எலும்பில் ஓரமாக ஒரு சிறு கொக்கி இருக்கிறது. அழிந்துபோன ஸ்குவாலோடெல்பினிடே குடும்பத்துக்கும் அது இருப்பதால் அவை இரண்டும் சொந்தம் என்பதில் பெரிய சண்டை இல்லை. ஸ்குவாலோடான் பக்கம் வந்தால் சாட்சி தோள்பட்டையோடு நின்றுவிடுகிறது. பிரிந்து கிடக்கும் எலும்புகளில் தோள்பட்டையோ மெலிதானது, எளிதில் உடைவது.

ஸ்குவாலோடான்டிடே என்ற குடும்பமே ஒரே மூதாதையின் வழிவந்ததா என்பதிலும் சந்தேகம் எழுப்புகிறவர்கள் உண்டு. படகோனியாவின் புரோஸ்குவாலோடானை இப்போது பலர் அதில் சேர்ப்பதில்லை. என் கணிப்பு, பழைய அருங்காட்சியக அலமாரிகளில் இருக்கும் தனிப் பற்கள் இந்த வழக்கை முடித்து வைக்காது. ஒரே பாறையில் பல், செவி எலும்பு, தோள்பட்டை மூன்றும் சேர்ந்து கிடைத்த எலும்புக்கூடுகள் இன்னும் சில வேண்டும். டீடமானிக்கு அப்படி ஒன்று கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.